பீங்கான் ஊருக்கு ஒரு கால்பந்து அணி

ஜப்பானின் தெற்கே, கியூஷு தீவில் சாகா என்றொரு மாகாணம். அங்குள்ள அரிதா என்ற ஊரில்தான் 400 ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானின் முதல் பீங்கான் சுடப்பட்டது. அதே மாகாணத்தில் டோசு என்று ஓர் ஊர் இருக்கிறது. ரயில் பாதைகள் பிரியும் சந்திப்பு; மக்கள்தொகை 70 ஆயிரத்துக்குச் சற்று மேல். பீங்கான், ரயில் சந்திப்பு, எழுபதாயிரத்துச் சொச்சம் சனம் என்று சொன்னாலே நம் கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்துக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் போலத் தோன்றும். டோசுவில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. பழைய ரயில்வே யார்டு இருந்த இடத்தில், நிலையத்தை ஒட்டியே, சுமார் 24 ஆயிரம் பேர் அமரும் கால்பந்து மைதானம். சாகன் டோசு என்ற தொழில்முறை அணியின் வீடு அது. உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் வீரர் ஃபெர்னாண்டோ டோரஸ் 2019 ஆகஸ்டில் தன் கடைசி ஆட்டத்தை இந்த அணிக்காக, இந்த மைதானத்தில்தான் ஆடினார்.

இவ்வளவு சிறிய ஊருக்கு இது எப்படிக் கிடைத்தது? 1997-ல் ஊரின் பழைய கிளப் பணமில்லாமல் கலைந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை, புதிய கிளப் பிறந்தது. 1999-ல் ஜப்பான் தன் இரண்டாம் டிவிஷனை 10 அணிகளோடு தொடங்கியபோது டோசுவும் அதில் ஒன்று. 13 சீசன்கள் அங்கேயே கிடந்தது. 2012-ல் முதல் டிவிஷனுக்கு ஏறி, 13 சீசன்கள் தாக்குப்பிடித்து, 2024 முடிவில் மறுபடி இறங்கியது. இறங்கியும் அணி கலையவில்லை. இரண்டாம் டிவிஷனின் பயன் இதுதான். பெரிய மேடைக்கு வர முடியாத ஊர், விளையாட்டை விட்டுவிடாமல் காத்திருக்க அது இடம் தருகிறது.

இந்தியாவில் அந்த இடத்துக்கு வந்தது ஐ-லீக். 2007-ல் தொடங்கியபோது அது நாட்டின் முதல் லீக். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு வணிக உரிமைகளைக் கைமாற்றியது. அதன் விளைவாக 2014-ல் ஐஎஸ்எல் என்ற புதிய லீக் பிறந்தது. பழைய லீக் மெல்ல மெல்லக் கீழே தள்ளப்பட்டது. 2022–23 முதல் ஐ-லீக் முறைப்படியே இரண்டாம் அடுக்கு.

தமிழ்நாட்டின் கதை இந்த இடைவெளியில் விழுந்து நொறுங்கியது. 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணி ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கி, பிறகு எழுந்து, மினர்வா பஞ்சாபை 3–1 என வீழ்த்தியது. 43 புள்ளிகளுடன் ஐ-லீக் பட்டம். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. நூற்றாண்டு காணவிருந்த ஒரு பெரிய கிளப்பை ஒரே புள்ளியில் பின்தள்ளிய அணி அது. பெட்ரோ மான்சி 21 கோல் அடித்திருந்தார். சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கும் அளவுக்கு அந்த அணி வெளியுலகின் கண்ணில் பட்டது. ஆனால் பட்டம் வென்றவருக்கு ஐஎஸ்எல்லில் இடம் கிடையாது. எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்றவர்கள் மேல் லீகின் அணிகளுக்குப் போனார்கள். கிளப் கீழேயே நின்றது. சம்பள பாக்கிப் புகார்களுக்கும் உரிமச் சிக்கலுக்கும் நடுவே, 2021–22 லீகில் அதற்கு இடமே இல்லாமல் போனது. பட்டம் வென்று மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

அடுத்த சீசனில்தான் கதவு திறந்தது. 2022–23 ஐ-லீகை வென்ற பஞ்சாப் எஃப்சி ஐஎஸ்எல்லுக்கு ஏறியது; அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். கோகுலம் கேரளாவும் 2021, 2022 எனத் தொடர்ந்து இரண்டு முறை வென்று வாசலிலேயே நின்ற அணிதான். ஆனால் அதன் பின்னால் பண பலமுள்ள ஒரு நிறுவனம் இருந்ததால் அது உயிரோடு இருக்கிறது. சென்னை சிட்டிக்கு அந்த வசதி இல்லை. கதவு திறந்தபோது நம் வீட்டில் ஆளில்லை. எனக்கு இதில் இன்றும் ஆறாத வருத்தம் உண்டு.

அந்த அணியின் நிர்வாகத் தவறுகளை நான் மறைக்க விரும்பவில்லை. வீரனுக்குச் சம்பளம் தராத கிளப்புக்கு இரக்கம் தேவையில்லை. ஆனாலும் அந்த லீகின் கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கம் ஸ்ரீநகர், மறுபக்கம் ஐஸ்வால். முப்பது பேரை விமானத்தில் ஏற்றி இறக்கி, ஹோட்டலில் தங்கவைத்து, வெளிநாட்டு வீரர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். டிக்கெட் வருமானம் சொற்பம். தொலைக்காட்சி வருமானம் கைக்கு எட்டுவதில்லை. வென்றால்கூட நிம்மதியில்லை. 2024–25 பட்டம் ஏப்ரலில் சர்ச்சில் பிரதர்ஸுக்கு என்று அறிவிக்கப்பட்டு, ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தின் தீர்ப்பால் இன்டர் காசிக்குப் போனது. அதே ஜூலையில், 15 ஆண்டு ஒப்பந்தம் முடியவிருந்த நிலையில், ஐஎஸ்எல்லே நிறுத்திவைக்கப்பட்டது. மேல்மாடியே ஆடும்போது கீழ்த்தளத்தில் முதல் போட யார் வருவார்?

விருத்தாசலத்துச் செராமிக் தொழில் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அகல் விளக்கும் பொம்மையும் ஃப்யூஸ் கேரியரும் செய்கிற சிறு பட்டறைக்காரர் தனக்கென்று பெரிய சூளை கட்டினால், முதல் வருடமே கடனில் மூழ்கிவிடுவார். அதனால்தான் தொழிற்பேட்டை, மண்ணைப் பதப்படுத்தவும் சுடவும் பொது வசதி என்ற ஏற்பாட்டை நம்பி இந்தத் தொழில் இங்கே வேர்பிடித்தது. பொம்மை அவரவருடையது, சூளை பொது. நம் இரண்டாம் அடுக்கு லீகோ ஒவ்வொரு கிளப்பையும் தனிச் சூளை கட்டச் சொல்கிறது. பயணம், ஒளிபரப்பு, மருத்துவம், நடுவர் செலவுகளை லீக் பொதுவில் ஏற்க வேண்டும். முதல் கட்ட ஆட்டங்களை மண்டல வாரியாக நடத்த வேண்டும். தென்னிந்திய அணிகள் ரயிலிலும் பேருந்திலும் போய் ஆடிவிட்டு வரலாம்.

ஆட்கள் வரமாட்டார்கள் என்பார்கள். 2024-ல் கேரளம் ஆறு அணிகளோடு சூப்பர் லீக் தொடங்கியது. நவம்பரில் கோழிக்கோட்டில் நடந்த முதல் இறுதி ஆட்டத்துக்கு 30 ஆயிரத்துக்கு மேல் கூட்டம். கோழிக்கோடு, கண்ணூர், மலப்புறம், திருச்சூர் என்று ஊர்ப் பெயரைச் சுமந்த அணிகள் அவை. ஜப்பானும் கிளப்பின் பெயரில் கம்பெனி அல்ல, ஊர்தான் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே விதி செய்தது. சென்னை லீகை நெடுங்காலம் தாங்கியவை இந்தியன் வங்கி, வருமான வரித் துறை, ஐசிஎஃப் போன்ற அலுவலக அணிகள். விளையாட்டு வீரனுக்கு அவை நிரந்தர வேலை தந்தன. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் அலுவலகத்தில் ஆள் எடுப்பது குறைந்ததும் அணியும் தேய்ந்தது. ஊர் அப்படித் தேய்வதில்லை.

வீரர் இல்லையா என்று கேட்பவர்கள் கடலூர் மாவட்டத்துப் பெண்களைப் பார்க்க வேண்டும். இந்திய அணிக்கு ஆடிய நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். சந்தியா ரங்கநாதனும் இந்த மாவட்டத்தில் வளர்ந்தவரே. 2018-ல் தமிழ்நாடு மணிப்பூரை 2–1 என வென்று முதன்முறையாக தேசிய மகளிர் பட்டம் பெற்றது; 2019-ல் மதுரையின் சேது எஃப்சி மகளிர் லீகை வென்றது. ஆண்களோ சந்தோஷ் கோப்பையை இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. இந்தப் பெண்கள் தொழில்முறைக் கால்பந்து ஆட மதுரைக்கும் கோழிக்கோட்டுக்கும் கொல்கத்தாவுக்கும் ரயிலேற வேண்டியிருந்தது. சொந்த மாவட்டத்தில் அவர்கள் பெயர் சொல்லிக் கைதட்ட ஓர் அணி இல்லை.

எடுத்த எடுப்பில் இரண்டாம் அடுக்கு அணி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடலூர், பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், திட்டக்குடி, விருத்தாசலம் என ஆறு ஊர்களுக்கு ஆறு அணிகள். ஒவ்வொன்றிலும் ஆண்கள் ஒரு குழு, பெண்கள் ஒரு குழு. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடு சொந்த ஊரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆடினால் பத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆகும். காலையில் பேருந்தில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். ஹோட்டல் செலவு இல்லை. விளையாட்டு ஆணையமும் மாநிலக் கால்பந்துச் சங்கமும் நடுவர்களையும் பந்தையும் முதலுதவியையும் பொதுச் செலவில் தரட்டும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் முதல் ஆட்டத்தை விருத்தாசலத்தில் வைக்கலாம். வெல்லும் அணிக்கான கோப்பையை நம் செராமிக் பட்டறையிலேயே சுட்டுக் கொடுக்கலாம்.