சார்ஜரின் காந்தத்தைப் படம் பிடிக்கலாமா?

வயர்லெஸ் சார்ஜர் மீது போனை வைக்கிறீர்கள். நடுவே வயர் எதுவும் இல்லை. ஆனாலும் பேட்டரி ஏறுகிறது. சார்ஜருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் காந்தப்புலம்தான் இந்த வேலையைச் செய்கிறது. அது நொடிக்கு 1 லட்சம் தடவைக்கு மேல் திசை மாறி மாறி அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் காந்தத்தை, வெளிச்சத்தைக் கொண்டே படம் பிடிக்க முடியும்.

இதற்கு வழி திறந்தவர் மைக்கேல் ஃபாரடே. 1820களில், லென்ஸ்களுக்காக ஈயம் கலந்த கனமான கண்ணாடியைத் தயாரிக்க மாதக்கணக்கில் உலையோடு மல்லுக்கட்டினார். லென்ஸ் விஷயத்தில் பெரிய பலன் இல்லை. 1845 செப்டம்பரில், காந்தம் ஒளியை ஏதாவது செய்கிறதா என்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஒவ்வொரு பொருளாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது, அந்தப் பழைய கண்ணாடித் துண்டு! காந்தத்தை இயக்கியதும், அதனுள்ளே போன ஒளி அதிரும் திசை லேசாகத் திரும்பியது.

இன்று கண்ணாடிக்குப் பதில், கார்னெட் என்ற படிகத்தின் மெல்லிய படலம். அதை மின்சாதனத்தின் மேல் ஒட்டினாற்போல வைத்து, போலராய்டு வழியாக வெளிச்சம் பாய்ச்சுகிறார்கள். திரும்பி வரும் ஒளியை இன்னொரு போலராய்டு வழியாகப் பார்த்தால், காந்தம் உள்ள இடமும் இல்லாத இடமும் வெளிச்சமும் இருட்டுமாகப் பிரிந்து தெரியும். படலம் கொஞ்சம் விலகினாலும் படம் மங்கிவிடும்.

சரி, நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா, லட்சம் தடவை மாறும் காந்தத்தை எப்படிப் பிடிக்கும்? ஓடும் ஃபேன் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் சரியாக ஒரு தடவை லைட்டை மின்னவிட்டால், இறக்கை நிற்பதுபோலத் தெரியும் அல்லவா? அதே தந்திரம்தான். காந்தத்தின் தாளத்துக்கே விளக்கை மின்னவிடுகிறார்கள்.

ஷார்ட் ஆன சர்க்யூட்டில் மின்சாரம் எந்த வழியாகத் தப்பி ஓடுகிறது என்பதை, உடைக்காமலே இப்படிப் பார்க்கலாம். பழைய விமானங்களின் உடல் தகட்டையும் இதே முறையில் சோதிக்கிறார்கள். தகட்டில் மாறுமின்சாரத்தைத் தூண்டிவிட்டால், ரிவெட் ஆணியை ஒட்டி விரிசல் இருக்கும் இடத்தில் அது விலகி ஓடும்; அங்கே காந்தமும் மாறும். ஒவ்வொரு ஆணியும் திரையில் வட்டமாகத் தெரிய, விரிசல் விட்ட ஆணிக்கு மட்டும் பக்கத்தில் ஒரு வால் முளைத்திருக்கும். இதற்காக பெயின்ட்டைச் சுரண்ட வேண்டியதில்லை.