தீயும் புல்லும் பறவையும்

தை பிறந்து கரும்பு வெட்டு மும்முரமாகுங்கால், சேத்தியாத்தோப்பைச் சுற்றி மாலையில் எத்திசை நோக்கினும் புகை எழுகின்றது. வெட்டு முடிந்த கொல்லையில் சோகைக்குத் தீ; வரப்பில் புல்லுக்குத் தீ; நீர்நிலை ஓரத்து நாணலுக்கும் கோரைக்கும் தீ. இதனைக் கண்டித்து நாம் பேசினால், “காசிரங்காவில் சர்க்காரே புல்லைக் கொளுத்துகிறது, நாங்கள் கொளுத்தினால் மட்டும் குற்றமா?” என்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதனைத் தட்டிக் கழிக்க நமக்கு விருப்பமில்லை.

அஸ்ஸாமின் காசிரங்காவில், ஆண்டுதோறும் வறண்ட மாதங்களில், ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து முற்றிய புல்லை வனத்துறையினர் எரிப்பது மெய்தான். எரிக்காது விட்டால் புதரும் மரமும் ஏறிப் புல்வெளி காடாகிவிடும். எரிந்த மண்ணில் துளிர்க்கும் இளம்புல்லை மானும் காண்டாமிருகமும் மேய்கின்றன. வங்க வரகுக்கோழி என்னும் அரிய பறவையும் அத்தகைய நிலத்தை நாடுகிறது. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் புல்வெளிகளில், வடக்கே வலசை செல்லும் உப்புக்கொத்தி இனங்கள் புதிதாக எரிந்த தரையில் இறங்கி இரை தேடுகின்றன. ஆயினும் வெளி முழுவதையும் ஒருசேர எரித்தால் தரையில் கூடு கட்டும் பறவைக்கு மறைவிடம் இராது. ஆகையால் ஒரு துண்டை எரித்து மற்றதை விட்டுவைக்கும் முறையை அங்குள்ள அறிஞர் வற்புறுத்துகின்றனர்.

புல்லைத் தொடவே கூடாது என்பாரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. இராஜஸ்தானத்துப் பரத்பூர் பறவைச் சரணாலயத்தில் 1982-இல் எருமை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு செய்த காரியந்தான். ஆனால் மேய்வாரற்ற புல் நீரில் மண்டி, வாத்தினங்கள் இறங்கும் நீர்ப்பரப்பைக் குறுக்கிவிட்டது. பத்தாண்டுக் காலம் ஆராய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார், மேய்ச்சல் அங்கு அவசியமே என்று கண்டனர்.

ஆகவே தீ நல்லதா கெட்டதா என்பதன்று வினா. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு என்பதே வினா. இந்த மூன்றிலும் நமது தீ தவறானது என்பது நம் அபிப்பிராயம்.

பராந்தக சோழன் காலத்தில் உண்டான வீராணம் ஏரிக்கும் அதனைச் சூழ்ந்த கழனிகளுக்கும் வலசைப் பறவைகள் ஐப்பசி முதல் வருகின்றன. பங்குனி வாக்கில்தான் திரும்புகின்றன. நாம் தீ வைப்பதோ தையிலும் மாசியிலும்; விருந்தாளி வீட்டில் இருக்கையிலேயே கூரையைக் கொளுத்துவது போல. வடக்கே சைபீரியம் முதலான தேசங்களிலிருந்து வரும் உள்ளான், பகலெல்லாம் புல்லுக்குள் அசையாது பதுங்கியிருந்து, அந்தி மயங்கியபின் சேற்றில் இரை தேடும். சேற்றுப் பூனைப்பருந்து இரவில் மரத்தில் அடைவதில்லை. நாணலுக்கிடையே தரையிலேயே தங்கும். அது அடையும் வேளையும் நாம் தீ வைக்கும் வேளையும் ஒன்றே. எலித் தொல்லைக்காகக் கொளுத்துகிறோம் என்கிறோம். எலி வளைக்குள் இறங்கிவிடுகிறது. எலி பிடிக்கும் பருந்துதான் போய்விடுகிறது!

சோகைத் தீயினால் எந்தப் புல்வெளியும் உருவாவதில்லை. ஏக்கருக்கு மூன்று நான்கு டன் சோகை கிடைக்கும். எரிந்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும், களை அடங்கும். நெசவாளர் படும் பாடு வேறு. விடியலில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுங்கால், முதல் நாள் எரித்த சோகையின் கரித்துகள் காற்றில் மிதந்துவந்து ஈர நூலில் ஒட்டுகின்றது. வெள்ளைப் பாவில் அந்தக் கறை எளிதில் போவதன்று. ஒரே சங்கத்தின் அங்கத்தினர் இருவரில் ஒருவர் மூட்டும் தீக்கு மற்றவர் கூலியை இழப்பது எந்தக் கூட்டுறவில் சேர்த்தி?

ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை என்று கரும்பு விவசாயிகள் சொல்வதை நாம் அலட்சியம் செய்யவில்லை. மறுதாம்புக்கு நீர் பாய்ச்ச வேண்டிய அவசரத்தில் சோகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சோகையைத் தூளாக்கும் இயந்திரத்தைச் சிறு விவசாயி தனியே வாங்க இயலாது. சங்கம் வாங்கி முறைவைத்து வாடகைக்கு விடலாம். வரப்புப் புல்லையும் கோரையையும் கொளுத்தாமல், ஓராண்டு ஒரு பாதி, மறு ஆண்டு மறு பாதி என அறுத்துத் தீவனத்துக்கும் கூரைக்கும் கொள்ளலாம்.

அடுத்த வெட்டுக்கு முன்பாகவே இயந்திரம் வாங்கும் தீர்மானத்தை நிர்வாகக் குழு எடுத்துக்கொள்ள வேண்டுமெனக் கோருகிறோம். அன்றைய கூட்டத்துக்குக் கரும்பு விவசாயிகள் மட்டுமின்றி, பாவில் கரி விழுந்த நெசவாளரும் தவறாது வந்து பேச வேண்டும்.