சுடுமண் பொம்மையா, பட்டாசுப் பெட்டியா?

ஆலங்குளம் வட்டாரத்தில் இரண்டு விதமான கைவேலைகளைப் பார்க்கலாம். பக்கத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை அகழாய்வில் 2022 முதல் கிடைத்த சுடுமண் பொம்மைகள் ஒரு விதம். மண்ணைப் பிசைந்து, அமுக்கி, கிள்ளி எடுத்த உருவங்கள். சிவகாசி பட்டாசுப் பெட்டி இன்னொரு விதம். தட்டை அட்டையில் மடிப்புக்கோடு போட்டு, கோட்டின் மேலேயே மடக்கினால் பெட்டி தயார்.

கணினியில் 3டி உருவம் செய்வதும் இந்த இரண்டு வழிகளில்தான். 'இசட்பிரஷ்' போன்ற டிஜிட்டல் ஸ்கல்ப்டிங் மென்பொருள், களிமண் வழி. 'மாயா', '3டிஎஸ் மேக்ஸ்', 'பிளெண்டர்' போன்றவற்றின் பாலிகன் மாடலிங், அட்டைப்பெட்டி வழி. அனிமேஷன், கேம், விஎஃப்எக்ஸ் படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், எதற்குப் பணம் கட்டுவது என்ற கேள்வி எழுகிறது.

மனித முகம், மிருகம், துணி மடிப்பு என்றால் ஸ்கல்ப்டிங்தான் ராஜா. அதில் சந்தேகமில்லை. ஆனால் வண்டி, துப்பாக்கி, ரோபோ, இயந்திரம் போன்ற 'ஹார்டு சர்ஃபேஸ்' வேலைக்கு?

50 ஆண்டுகளுக்கு மேலாக ஆலங்குளத்தின் அடையாளமாக இருக்கும் அரசு சிமென்ட் ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் தயாரிப்பின் இதயம், சுழலும் சூளை. லேசாகச் சாய்ந்த நீண்ட இரும்பு உருளை, அதைச் சுற்றிப் பெரிய பல்சக்கரம். பாலிகன் முறையில் 32 பக்கமுள்ள ஓர் உருளையில் தொடங்கலாம். பல்சக்கரத்துக்கு ஒரே ஒரு பல்லைச் செய்து, அதை வட்டமாக நகலெடுத்தால் போதும். பல்லின் எண்ணிக்கையை மாற்ற வேண்டுமா? ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது.

இதையே களிமண் வழியில் செய்தால், திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளைத் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் பரப்பில் அலை தெரியும், விளிம்பு மழுங்கும். இசட்பிரஷ்ஷும் சும்மா இருக்கவில்லை. 2015-ல் 'இசட்மாடலர்' வந்ததும் பாலிகன் வேலை அதற்குள்ளேயே சாத்தியமானது. புது ரோபோவுக்கு வடிவம் தேடும்போது, வெட்டி ஒட்டி வேகமாகப் பத்து மாதிரி பார்க்க ஸ்கல்ப்டிங் நல்ல துணை. ஆனால் அந்த ரோபோ கேமில் ஓட வேண்டுமானால், அதன் மேல் குறைந்த பாலிகன்களில் மறுபடி வலை பின்ன வேண்டும். 'ரீடோபாலஜி' என்ற இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும்.

அதனால் அனுபவசாலிகள் இரண்டையும் கலப்பார்கள். உருளை, பல்சக்கரம், போல்ட் எல்லாம் பாலிகனில். வெல்டிங் தழும்பு, நெளிசல், துரு தின்ற பள்ளம் எல்லாம் ஸ்கல்ப்டிங்கில்.

பணம்? இசட்பிரஷ், மாயா போன்றவற்றின் முழுப் பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். பிளெண்டர் முற்றிலும் இலவசம்; 2002 முதல் திறந்த மூல மென்பொருள். பாலிகன், ஸ்கல்ப்டிங் இரண்டும் அதிலேயே உண்டு. 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வென்ற 'ஃப்ளோ', பிளெண்டரில் உருவானதுதான். ஸ்கல்ப்டிங் ருசி பார்க்க மட்டும் மொபைலில் 'நோமாட் ஸ்கல்ப்ட்' இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. அச்சகத்து இயந்திரத்தில் உடைந்த பல்சக்கரத்துக்கு நிஜமான மாற்றுப் பாகம் செய்ய வேண்டுமானால், இரண்டுமே சரியான கருவி அல்ல. திரையில் அழகாகத் தெரிந்தால் போதாது. மில்லிமீட்டர் பிசகக் கூடாது. அதற்கு 'ஃப்ரீகேட்' போன்ற கேட் மென்பொருள்தான். அதுவும் இலவசமே.

கோர்ஸில் சேர்ந்து பணம் கட்டுவதற்கு முன், பிள்ளையை ஒரு மாதம் பிளெண்டரில் உட்காரச் சொல்லுங்கள். வீட்டு கேஸ் அடுப்பு, அப்பாவின் பைக், தெருமுனை அடிகுழாய் மூன்றையும் செய்யட்டும். மூன்றாவதையும் முடித்துவிட்டு நான்காவதைத் தேடும் பிள்ளைக்குத் தாராளமாகப் பணம் கட்டலாம்.