கரண்டி யார் கையில்?

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதா, தட்டை ஏந்தி நின்று நாமே எடுத்துப் போட்டுக்கொள்வதா? கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே பல வீடுகளில் இப்போது இதுதான் பெரிய விவாதம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம்கூட 'பஃபே' வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள், "பஃபேதான் இப்ப கௌரவம்" என்பார்கள். பெண் வீட்டுத் தாத்தாவோ, "வந்தவங்கள நிக்க வச்சா சோறு போடுவிய?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்தச் சண்டையில் நான் தாத்தா கட்சி. ஆனால் கௌரவத்துக்காக இல்லை... வயிற்றுக்காக!

அவசரப்பட்டு என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிவிடாதீர்கள். பஃபேயே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மேஜை இருக்கட்டும், வரிசை இருக்கட்டும், விதவிதமான பதார்த்தம் இருக்கட்டும். கரண்டியை மட்டும் விருந்தாளி கையில் கொடுக்காதீர்கள். அதைப் பிடிக்க மேஜைக்குப் பின்னால் ஓர் ஆளை நிறுத்துங்கள். இவ்வளவுதான் நான் சொல்வது.

ஏன் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கரண்டி, முந்நூறு கை

முந்நூறு பேர் வந்த கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். பஃபே மேஜையில் ஒரு சாம்பார் கரண்டி. முந்நூறு பேரும் அந்த ஒரே கரண்டியைத்தான் பிடித்தாக வேண்டும். அந்தக் கைகள் எங்கிருந்து வருகின்றன? செருப்பைக் கழற்றிய கை, குழந்தைக்கு மூக்குத் துடைத்துவிட்ட கை, ரூபாய் நோட்டு எண்ணிய கை, காலையிலிருந்து செல்போனைத் தடவிக்கொண்டே இருக்கிற கை, பாத்ரூம் குழாயைத் திருகிவிட்டு வந்த கை.

பந்தி என்றால் இலையில் உட்காருமுன் நாம் கை கழுவுவோம். கையால் சாப்பிடப் போகிறோம் என்பது மனசில் இருக்கும். பஃபேயில் அந்த நினைப்பே வராது. தட்டை எடுத்தோமா, வரிசையில் நின்றோமா என்று போய்க்கொண்டே இருப்போம்.

இதைவிடப் பெரிய சங்கடம் இரண்டாவது தடவை எடுக்கப் போகும்போதுதான். முள்கரண்டியால் சாப்பிடுகிறவர்களுக்குக் கையில் எச்சில் இல்லை. நமக்கு? வலது கையில் சாம்பார் சாதம். இடது கையில் தட்டு. இப்போது எந்தக் கையால் கரண்டியை எடுப்பீர்கள்? பார்த்திருப்பீர்களே... சிலர் எச்சில் கையாலேயே எடுத்துவிடுவார்கள். சிலர் விரலை நக்கிவிட்டு எடுப்பார்கள். நாசூக்கானவர்கள் பேப்பரில் துடைத்துக்கொண்டு எடுப்பார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான்!

'எச்சில்' என்று நம் பாட்டிமார்கள் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீட்டையே ஆட்டிப் படைத்தார்கள். கேலி செய்தோம். ஆனால் சாப்பிடும் கையும் பரிமாறும் கரண்டியும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்பதுதான் அதன் சாரம். பந்தியில் வாளியோடு வருகிறவர் மேலிருந்து ஊற்றுவார். கரண்டி இலையில் படாது, உங்கள் கையிலும் படாது. கிருமி என்ற வார்த்தை நமக்குத் தெரியும் முன்பே ஏற்பட்ட ஏற்பாடு அது!

கப்பல்காரர்கள் படித்த பாடம்

பஃபே என்றால் உலகத்திலேயே பேர்பெற்ற இடம் உல்லாசக் கப்பல்தான். மூவாயிரம், நாலாயிரம் பேர், ஒரே கூரை, வேளாவேளைக்கு மலைமாதிரி சாப்பாடு. நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022 ஜூனில் அப்படி ஒரு கப்பல் புறப்பட்டது.

இந்தக் கப்பல்களுக்கு நெடுநாள் எதிரி ஒன்று உண்டு. 'நோரோவைரஸ்' என்று பெயர். திடீரென்று வாந்தி, பேதி, வயிற்றுப் பிடிப்பு. கிருமி உள்ளே போய் 12 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். மிகச் சில வைரஸ் துகள்களே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். நாம் பையில் வைத்துக்கொண்டு திரிகிற சானிடைசருக்கு அது அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். ஆள் குணமான பிறகும் சில நாட்களுக்கு, சிலருக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலுமோகூட, மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி., 1970-களிலிருந்தே கப்பல்களின் சுகாதாரத்துக்கென்று தனித் திட்டம் நடத்திவருகிறது. அந்தத் திட்டத்துக்கு உட்பட்ட கப்பல்களில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று கணக்குக் கொடுத்தாக வேண்டும். எண்ணிக்கை ஏறுகிறது என்று தெரிந்தால் கப்பல்காரர்கள் முதலில் செய்கிற காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? பஃபேயில் பயணிகள் தாங்களே எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, ஊழியர் கையில் கரண்டியைக் கொடுத்துவிடுவது!

2020-ல் கொரோனா வந்தபோது பல கப்பல் கம்பெனிகள் இதையே எல்லா நாளைக்கும் ஏற்பாடாக அறிவித்தன. ஆபத்து குறைந்ததும் பல கப்பல்கள் பழையபடி 'நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று திரும்பிவிட்டன. அதில் செலவு மிச்சம், ஆள் மிச்சம். ஆனால் இன்றைக்கும் வாந்தி, பேதி தலைகாட்டினால் அவர்கள் ஓடிப்போய் எடுக்கிற ஆயுதம் இதுதான். ஆபத்து வந்தபின் சரி என்று படுவது, வருமுன் ஏன் சரியாகப் படக்கூடாது?

2020 மே மாதம் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி டாக்டர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தது. பத்துப் பேர் பஃபே சாப்பிட வந்தார்கள். அதில் ஒருவர் கையில் மட்டும், இருமும்போது கையில் பட்டதுபோல், கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் சாயத்தைத் தடவிவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து விசேஷ விளக்கில் பார்த்தால், சாயம் அத்தனை பேரிடமும் போய்ச் சேர்ந்திருந்தது! மூன்று பேருக்கு முகத்திலேயே. சாயமும் கிருமியும் ஒன்றல்ல, வாஸ்தவம்தான். ஆனால் ஒரு கை அரை மணியில் எவ்வளவு தூரம் பயணம் போகும் என்று பார்த்தீர்களா?

'குத்தாலத் தண்ணி ஒத்துக்கல'

கப்பலில் வந்த வயிற்றுப்போக்கு உலகத்துக்குத் தெரிகிறது. காரணம், அங்கே எண்ணுகிறார்கள். நம் ஊரில் யார் எண்ணுவது?

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வேறு. எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டு, பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்துவிட்டு வந்தால் அகோரப் பசி. பிரானூர் பார்டர் பக்கத்துப் பரோட்டாக் கடைகளில் இலையைப் போட்டு, பரோட்டா வைத்து, சால்னா ஊற்றுவதெல்லாம் கடை ஆள்தான். கடை எளிமைதான், ஆனால் கரண்டி உங்கள் கைக்கு வருவதில்லை! ரூம் வாடகையோடு காலை டிபன் பஃபேயாகக் கொடுக்கிற விடுதியில்? ஈரத் துண்டோடு ஓடிவருகிற பிள்ளைகள், இட்லி எடுக்கிற இடுக்கியைப் பிடித்து விளையாடும். சட்னிக் கரண்டி சாம்பாருக்குள் போய்விட்டு வரும்.

ஊருக்குத் திரும்பி இரண்டாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். "குத்தாலத் தண்ணி ஒத்துக்கல" என்று அருவி மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போய்வந்து படுத்தால் "கண்ணு பட்டுட்டு." முந்நூறு பேரும் முப்பது ஊருக்குப் பிரிந்துபோய்விடுவதால், நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் வந்தது என்பதே யாருக்கும் தெரியாது.

இளவட்டங்களுக்கு இரண்டு நாள் அவஸ்தையோடு போய்விடும். கைக்குழந்தைக்கும் எழுபது வயசுக்காரருக்கும் அப்படியில்லை. உடம்பில் நீர் வற்றினால் உயிருக்கே உலை. கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாரும் இந்தப் பட்டியலில் உண்டு. விசேஷ வீட்டில் முதல் வரிசையில் உட்காருகிறவர்களே இவர்கள்தானே!

சூடும் நேரமும்

கையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டமான வெப்பம். பஃபே மேஜையில் மூடியை ஆளாளுக்குத் திறந்துபோட்டால், அடியில் சின்னத் தீ எரிந்தாலும் மேலே சோறு ஆறிப்போகும். சோற்றில் 'பாசில்லஸ் சீரியஸ்' என்று ஒரு கிருமி உண்டு. அதன் விதைத்துகள்கள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

நம் திருநெல்வேலிச் சீமையின் மறுவீட்டுச் சொதியை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பால்! மணிக்கணக்கில் மேஜையில் கிடக்கிற பண்டமா அது? தவசுப்பிள்ளை இறக்கிய சூட்டோடு வாளியில் வந்து இலையில் விழ வேண்டியது. தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், அவியல் எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். பரிமாற ஆள் நின்றால் மூடியைத் திறந்து மூடுவது ஒரே ஆள். காலியாகக் காலியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாகக் கொண்டுவரச் சொல்லலாம்.

அவர்கள் கேட்பதும் நியாயம்தான்

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? "சார், பந்தியில வேண்டாம் வேண்டாம்னாலும் இலையில கொட்டிட்டுப் போறாங்களே. சுகர்காரன் என்ன செய்வான்? பஃபேன்னா வேணுங்கிறத மட்டும் எடுத்துக்கலாமே" என்பார்கள். நல்ல கேள்வி. 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கும் மேல். 'இன்னும் ரெண்டு ஜாங்கிரி' என்று அவர்களை வற்புறுத்துவது உபசாரம் இல்லை, உபத்திரவம்!

ஆனால் வேண்டியதைக் கேட்டு வாங்க வாய் போதுமே, கரண்டி எதற்கு? "சாதம் ஒரு கரண்டி போதும், அவியல் கொஞ்சம் கூட வைங்க" என்றால் வைக்கப்போகிறார். தாமே எடுக்கும்போது கண் பசியில் தட்டை நிரப்பிவிட்டுப் பாதியைத் தொட்டியில் கொட்டுகிற வேலையும் குறையும்.

இன்னொன்று கேட்பார்கள். "பரிமாறுகிறவனுக்கே வியாதி இருந்தால் முந்நூறு பேருக்கும் அவனே கொடுத்துவிடுவானே?" இது எல்லாவற்றையும்விடச் சரியான கேள்வி! அதனால்தான் கரண்டியை மாற்றினால் மட்டும் போதாது, கரண்டி பிடிக்கிறவரையும் கவனியுங்கள் என்கிறேன். முந்நூறு பேரையும் கைகழுவ வைக்க யாராலும் முடியாது. ஆறு பேரைக் கழுவ வைக்க முடியும். வாந்தி, பேதி வந்தவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சாப்பாட்டுப் பக்கம் வரக்கூடாது. ஆனால் அன்றாடக் கூலிக்குப் பரிமாற வருகிற பையன், 'வயித்தால போவுது' என்று சொன்னால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. சொல்வானா? மறைத்துக்கொண்டு வருவான். அவனுக்கு அந்த ஒருநாள் கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதுதான் உங்கள் விருந்தாளிகளுக்கு நீங்கள் எடுக்கிற மிக மலிவான இன்ஷூரன்ஸ்!

நீங்கள் செய்ய வேண்டியது

விசேஷம் நடத்துகிறவரா? சமையல் காண்ட்ராக்ட் பேசும்போதே "பரிமாற எத்தனை பேர்?" என்று கேளுங்கள். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவரிடம் பதிவோ லைசென்ஸோ இருக்கிறதா என்று பாருங்கள். பஃபேதான் என்றால் ஒவ்வொரு இரண்டு மூன்று பதார்த்தத்துக்கும் ஓர் ஆள். வரிசை ஆரம்பிக்கிற இடத்தில் குழாயும் சோப்பும். பாட்டி தாத்தாக்களுக்குத் தனியாக ஒரு பந்தி போட்டுவிடுங்கள். காலில் வலியுள்ளவரைத் தட்டோடு நிற்க வைப்பது பாவம்.

விருந்துக்குப் போகிறவரா? பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னதில் ஆரோக்கியமும் இருக்கிறது. முதலில் போனால் சாப்பாடு சூடு, கரண்டி சுத்தம். நீங்களே எடுக்க வேண்டியிருந்தால், முதலில் தட்டை முழுக்கத் தயார் செய்துகொண்டு, பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். மறுபடி வேண்டுமானால், கை கழுவிவிட்டுப் போங்கள். ஆறிப்போன சோறு, பழைய சட்னி, தேங்காய்ப் பால் சேர்ந்தவை... கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

விடுதியில் தங்குகிறவரா? "தம்பி, நீங்களே எடுத்து வைங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது நாள் முதலாளியே ஆள் போட்டுவிடுவார்.

மீறி வயிறு கெட்டுவிட்டதா? முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட். உறையில் சொன்ன அளவு கொதித்து ஆறின தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் குறைவது, அசந்து அசந்து கிடப்பது, மலத்தில் ரத்தம், எதைக் கொடுத்தாலும் வாந்தி என்றால் வீட்டில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் ஊரில் 'பந்தி விசாரிப்பது' என்று ஒரு மரியாதை உண்டு. வீட்டுக்காரர் இலை இலையாக வந்து, "என்ன வேணும், இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லவா?" என்று கேட்பார். அடுத்த விசேஷத்தில் அந்த விசாரிப்பைக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்குங்கள்... அடுப்படியில், வாளி தூக்கப்போகிற பையனிடம். "கை கழுவினியாப்பா? உடம்பு நல்லாருக்கா?"

அந்த ஒரு கேள்வியில் முந்நூறு வயிறு பத்திரம்!