மாவு தீர்ந்தால்தான் நோய் தெரியுமா?

என் மனச்சோர்வை வீட்டில் முதலில் காட்டிக்கொடுத்தது கிரைண்டர்தான்.

நான்கு மாதங்களாக எனக்குத் தூக்கமில்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டும். பிறகு கூரையைப் பார்த்தபடி கிடப்பேன். நாக்கில் ருசி இல்லை. வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியம் மறந்துபோகும். கவிதை என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இவை எதுவும் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. மூன்று வேளையும் தட்டில் சோறு விழுந்துகொண்டிருந்ததே, அதனால். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னால் எழுந்து மாவாட்ட முடியவில்லை. மறுநாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்த மாமியார் கேட்டார்: “என்னம்மா, மாவு ஆட்டலையா? உடம்புக்கு என்ன?”

அந்தக் கேள்விகளின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் மாவு, அப்புறம் உடம்பு. மாமியாரைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவரை அப்படிப் பார்க்கப் பழக்கியதும் அதே அடுப்படிதான். பக்கத்தில் படுத்திருந்த கணவர் அந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை.

விஷயம் வெளியே வந்ததும் அறிவுரைகள் குவிந்தன. கோயிலுக்குப் போ, யோகா செய், மனசை அலட்டிக்காதே. “கை நிறையச் சம்பளம் வாங்குற, உனக்கென்ன குறைச்சல்?” என்றார்கள். “நாளையிலிருந்து சமையல் என்னுடையது” என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அரசு மருத்துவமனை வரிசையில் நான் தனியாகத்தான் நின்றேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, தொழில் நொடித்துக் கணவரின் தம்பி இதே நோயில் விழுந்தார். பத்தே நாளில் மருத்துவரைப் பார்த்தாயிற்று. குடும்பமே குரலைத் தாழ்த்திப் பேசியது. அது சரியான காரியம். ஆண்களுக்கு இந்த நோய் வராது என்றோ, அவர்கள் நடிக்கிறார்கள் என்றோ நான் சொல்லவில்லை. அழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவனுக்கு நோய் கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுவதையும் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது வேறு. ஒரே நோய்க்கு வீட்டில் ஏன் இரண்டு பெயர்? ஆணுக்கு வந்தால் டிப்ரஷன். பெண்ணுக்கு வந்தால் திமிர்.

அவரைக் காப்பாற்றியது யார்? என் ஓரகத்தி. மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள், கடன்காரர்களுக்குப் பதில் சொன்னாள், இரவெல்லாம் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அந்த வேலைக்குக் குடும்பம் வைத்த பெயர் பொறுமை. பொறுமை என்று சொல்லிவிட்டால் கூலியும் வேண்டாம், விடுப்பும் வேண்டாம்.

பதினெட்டு ஆண்டுகளாகக் குறிஞ்சித்திணைப் பாடல்கள் நடத்துகிறேன். வெறியாட்டு வரும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது. தாய் பதறி வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு பார்த்து, இது முருகன் தந்த வருத்தம் என்கிறான், ஆடு பலியாகிறது. காதல் நோய்க்குக் கடவுளைக் காரணம் சொன்ன அந்தத் தாயை நானும் கேலி செய்ததுண்டு. இப்போது செய்வதில்லை. காரணத்தை அவள் தப்பாகப் புரிந்துகொண்டாள். ஆனால் மகளின் கையைப் பார்த்தாள். நாமோ கிரைண்டரைப் பார்க்கிறோம்.

ஆண்களைவிடப் பெண்களிடம் மனச்சோர்வு ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2020ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தற்கொலையால் இறந்த இல்லத்தரசிகள் 22,372 பேர். அதே அறிக்கை தொகுத்த காரணங்களில் முதலிடம் ‘குடும்பப் பிரச்சினைகள்’. அத்தனை பேருக்கும் மனச்சோர்வு இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் மருத்துவரையே பார்க்காமல் போன நோய்கள் எத்தனை?

மனநல சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மனாஸ் உதவி கிடைக்கிறது. ஆனால் சட்டம் வந்து பாத்திரம் கழுவாது. மனச்சோர்வுக்கான மாத்திரை விழுங்கிய அன்றே வேலை செய்துவிடாது. சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் சோறு வடிப்பது யார் என்பதும் மருத்துவக் கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாத அன்பு எனக்கு வேண்டாம். எங்களுக்கு ஆறுதல் சொல்லாதீர்கள், வேலையைப் பங்கு போடுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவளையும் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஓரகத்தி வந்திருந்தாள். கொழுந்தனார் தேறிவிட்டார், புதுக் கடை திறந்திருக்கிறார். மாடியில் துணி எடுக்கும்போது மெல்லச் சொன்னாள்: “அக்கா, எனக்கு மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது. ஒண்ணுமே பிடிக்கல.”

அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அங்கே இன்னும் மாவு தீரவில்லை.