குழியில் விழுந்த விளையாட்டு

அடாரி நிறுவனம் 1982இல் வெளியிட்ட 'ஈ.டி.' என்னும் வீடியோ விளையாட்டின் கேட்ரிட்ஜ் ஒன்றை அமெரிக்கப் பழம்பொருள் சந்தையில் பத்துப் பதினைந்து டாலருக்கு வாங்கிவிடலாம். அதே விளையாட்டின் இன்னொரு பிரதி, குப்பைமேட்டில் முப்பது ஆண்டுகள் புதைந்து கிடந்து அட்டைப்பெட்டி நசுங்கி வெளிவந்தது, 1,500 டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. பழுதற்றது மலிவு, பழுதுற்றது அருமை. முதற்பதிப்பு நூல்களைத் தேடி அலைந்து, செல்லரிக்காத பிரதி கிடைத்தால் மகிழும் நமக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

கணக்கின் மூலம் ஒரு கதையில் இருக்கிறது. ஸ்பீல்பெர்க்கின் திரைப்படம் 1982 ஜூனில் வெளியாகி வசூலைக் குவித்தபோது, அடாரியின் உரிமையாளரான வார்னர் நிறுவனம் இரண்டு கோடி டாலருக்கும் மேல் கொடுத்து விளையாட்டு உரிமையைப் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. பேரம் முடிந்தபோது ஜூலை இறுதி. கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் பொருள் வந்தாக வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் நிரலாளருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஐந்து வாரங்கள். 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற புகழ்பெற்ற விளையாட்டுக்கு அவர் செலவிட்டதோ பல மாதங்கள். அடாரி 2600 கருவியின் நினைவகம் வெறும் 128 பைட். கேட்ரிட்ஜின் கொள்ளளவு எட்டே கிலோபைட். அதற்குள் ஒரு காட்டையும், துரத்தி வரும் அதிகாரிகளையும், வீட்டுக்குப் பேச மூன்று துண்டுகளாகச் சிதறிய தொலைபேசியையும் அவர் அமைத்துக் காட்டினார். பிழையும் நேர்ந்தது. குழியின் விளிம்பில் தலை பட்டாலே ஈ.டி. உள்ளே விழுந்துவிடும், ஏறினால் மறுபடி விழும். சிறுவர்கள் சலித்துப்போனார்கள்.

அச்சிட்டவை ஏறத்தாழ 40 லட்சம்; விற்றவை அதில் பாதியும் இல்லை. 1983 செப்டம்பரில் எல் பாசோவிலிருந்து லாரிகளில் ஏற்றிவந்த சரக்கை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ நகரக் குப்பைக்கிடங்கில் கொட்டி, மேலே கான்கிரீட் ஊற்றினார்கள். அங்கிருந்துதான் 'ஒரு தொழிலையே கொன்ற விளையாட்டு' என்ற தொன்மம் முளைத்தது.

இந்தப் பழியை நாம் ஏற்பதற்கில்லை. அடாரி அதே ஆண்டில் 'பேக்மேன்' விளையாட்டை அவசர கோலத்தில் ஒரு கோடிக்கும் மேல் தயாரித்துத் தேக்கியிருந்தது. அடாரியிலிருந்து பிரிந்தவர்கள் 1979இல் ஆக்டிவிஷனைத் தொடங்கிய பின், பலரும் இத்தொழிலில் குதித்துக் கடைகளில் தரமற்ற சரக்கை நிறைத்தார்கள். வீட்டுக் கணினிகளின் விலையும் சரிந்தது. 320 கோடி டாலராக இருந்த அமெரிக்கச் சந்தை 1985இல் பத்துக் கோடிக்குச் சுருங்கியதை ஒரு மனிதரின் ஐந்து வார உழைப்பின் மீது ஏற்றுவது, மேலாளர்களுக்கு எவ்வளவு வசதி! (பிழைமலிந்த பதிப்புக்கு அச்சுக்கோர்ப்பவரைக் கைகாட்டும் பதிப்பாளர்களை நாம் அறிவோம்.)

2014 ஏப்ரல் 26 அன்று, புழுதிக்காற்றுக்கிடையே, ஓர் ஆவணப்படத்துக்காகக் குப்பைமேடு அகழப்பட்டது. புதைந்தவை ஏழு லட்சத்துக்கு மேல் என்று முன்னாள் மேலாளர் ஒருவர் கூறினார்; எடுத்தவை சுமார் 1,300. அவற்றுள் ஈ.டி. ஒரு சிறு பங்குதான். 'சென்டிபீட்' போன்ற நன்றாக விற்றவையும் கூடவே கிடந்தன. தோல்வியுற்ற ஒன்றின் கல்லறை என்ற கதை அந்த இடத்திலேயே பொய்த்துவிட்டது. ஆயினும் நகர நிர்வாகம் சான்றிதழுடன் ஏலத்தில் விட்ட 881 பிரதிகள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டின. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.

அருங்காட்சியகம் செய்தது சரியே. ஒரு தொழிலின் பேராசைக்கு அது தடயம். சேகரிப்பாளர் கொடுக்கும் விலையிலோ நமக்கு உறுத்தல் உண்டு. அவர் வாங்குவது விளையாட்டையன்று, அதன்மேல் ஏற்றிய பழியை. சான்றிதழ் பழிக்குத்தான்.

2013இல் ஓர் ஆர்வலர் அந்த விளையாட்டின் நிரலை ஆராய்ந்து, சில பைட்டுகளை மட்டும் மாற்றிக் குழிப்பிழையைத் திருத்தி இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். அதைச் சேகரிப்பார் எவருமில்லை. நாம் ஒருநாள் மாலை ஆடிப் பார்த்தோம். தொலைபேசியின் மூன்று துண்டுகளும் கிடைத்தன.