கொல்லைக் கீரையும் கூலிக் கணக்கும்

கணவன் ஆலையில் வேலை செய்கிறான். மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறாள். இடுப்பில் ஒரு குழந்தை. இப்படிப்பட்ட இளம் குடும்பங்கள் நம் சங்கங்களில் ஏராளம். கடன் வாங்காமல், கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்காமல், வீட்டிலேயே கொஞ்சம் விளைவித்துக்கொண்டு எளிமையாக வாழ்ந்தால் என்ன என்று இவர்களில் பலர் யோசிக்கிறார்கள். இதைப் பற்றி நமது கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இது நல்ல காரியம். கொல்லையில் ஒரு முருங்கைப் போத்தை நட்டால் துளிர்த்துவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திருப்பிவிட்டால் வாழை குலை தள்ளும். சாணமும் சாம்பலும் குப்பையும் எருக்குழிக்குப் போனால் கீரைப் பாத்திக்கு உரம் காசில்லாமல் கிடைக்கும். நாலு நாட்டுக்கோழி இருந்தால் பிள்ளைக்கு முட்டை உண்டு. தவணைக் கடைக்காரனுக்கும், வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் குழுக் கடன்காரனுக்கும் அந்த வீட்டில் வேலை குறையும். கடனில்லாத தொழிலாளி வேலைநிறுத்தத்தில் பத்து நாள் கூடுதலாக நிற்பான். ஆகவே இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், தோழர்களே! இதே எளிமையை முதலாளியும் உபதேசம் செய்கிறாரே, அது ஏன்? கூலி உயர்வு கேட்டால் சிக்கனமாக இருக்கச் சொல்கிறார். பஞ்சப்படி கேட்டால், ஊரில் வீடும் மரமும் மாடும் இருக்கும்போது உனக்கென்ன குறை என்கிறார். நம் கொல்லையைப் பற்றி அவருக்கு எதற்கு இத்தனை அக்கறை?

இதற்கு ஏங்கெல்ஸ் நெடுநாள் முன்பே பதில் சொல்லிவிட்டார். 1872-ல் அவர் குடியிருப்புப் பிரச்சினை பற்றிக் கட்டுரைகள் எழுதினார். 1887-ல் அவற்றின் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதியபோது ஜெர்மனியின் கிராமத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். அவர்களுக்குச் சிறு வீடும் தோட்டமும் இருந்தன. உருளைக்கிழங்கும் காய்கறியும் சொந்த மண்ணில் விளைந்தன. ஒரு காலத்தில் அது அவர்களுக்கு ஓரளவு நல்வாழ்வு தந்தது. பெரிய இயந்திரத்தோடு போட்டி வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. தோட்டத்தில் கிடைப்பது எவ்வளவோ அவ்வளவையும் முதலாளி கூலியில் கழித்துக்கொண்டார். தோட்டத்தை விட்டு வேறு ஊருக்கு வேலை தேடிப் போகவும் அவர்களால் முடியவில்லை. கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் வியர்வையில் விளைந்த காய்கறி, உலகச் சந்தையில் முதலாளியின் சரக்கை மலிவாக்கியது!

பாடம் என்ன? தோட்டம் போடாதே என்பதா? இல்லை. தோட்டத்தின் பலன் யார் வயிற்றுக்குப் போகிறது என்று கவனி என்பதே பாடம். சங்கம் இல்லாத ஊரில் கொல்லைக் கீரை முதலாளியின் லாபத்தில் சேரும். சங்கம் வலுவாக உள்ள ஊரில் அது குழந்தையின் சோற்றில் சேரும்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்று வரையறுத்தது. ஒருவர் சம்பாத்தியத்தில் மூன்று பங்கு பேர் சாப்பிட வேண்டும். வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 2700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருஷத்தில் 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்கு முதலிய செலவுக்கு 20 சதவீதம் என்று கணக்கிட்டது. இதில் ஒரு முக்கியமான ஷரத்து உண்டு. மனைவி மக்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது! மனைவியின் கூலியையே சேர்க்கக் கூடாது என்றால், முருங்கைக்காயை மட்டும் எப்படிச் சேர்க்கலாம்? கூலிப் பேச்சில் நம் வீட்டு மரத்தை எவர் சுட்டிக்காட்டினாலும், இந்தக் கணக்கை எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்தது மண். கீரை விதைக்கக் கையகல இடமாவது வேண்டாமா? தஞ்சைத் தரணியில் மிராசுதாரின் மனைக்கட்டில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளி எந்தத் தைரியத்தில் தென்னம்பிள்ளை வைப்பான்? கூலி கேட்டால் மறுநாள் குடிசை இருக்காது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. கூடுதல் கூலி கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். அதன் பிறகு, 1971-ல்தான் குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே உடைமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. இன்று டெல்டாக் கிராமத்தில் ஒரு தொழிலாளியின் வாசலில் தென்னை நிற்கிறதென்றால், அதன் வேரில் இந்தப் போராட்டத்தின் ரத்தம் இருக்கிறது. மனைப்பட்டா கிடைக்காத குடும்பத்துக்கு எளிய வாழ்வைப் பற்றிப் பேசுமுன், பட்டாவுக்கு மனு எழுதி உடன் செல்வதே நம் வேலை.

மூன்றாவது நேரம். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துத் திரும்பியவன் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடுவான்? குழந்தையோடு எப்போது பேசுவான்? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. அதே ஆண்டு மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. நம் வீட்டு மாலைப்பொழுதைக் காப்பாற்றியது சங்கத்தின் ஒற்றுமையே.

கடைசியாக, தோழர்கள் தங்கள் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டும். எளிய வாழ்க்கை என்று சொல்லிவிட்டு ஆண் திண்ணையில் உட்கார்ந்தால், மாவரைப்பது, தண்ணீர் சுமப்பது, பாத்தி கொத்துவது எல்லாம் யார் தலையில் விழும்? வயலில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தவள் தலையில்தான். முதலாளி நம்மிடம் செய்வதை நாம் மனைவியிடம் செய்யலாமா? வீட்டு வேலை பெண்ணை நசுக்குகிறது என்றும், பொதுச் சமையற்கூடமும் குழந்தைகள் காப்பகமும் வேண்டுமென்றும் லெனின் 1919-லேயே எழுதினார். காப்பகம் கேட்டு நிர்வாகத்திடம் போவோம். அதுவரை தண்ணீர்க் குடத்தை ஆணும் தூக்கட்டும்.

இளம் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான். முருங்கை நடுங்கள். எருக்குழி வெட்டுங்கள். கடனை அண்டவிடாதீர்கள். கூடவே சங்கச் சந்தாவைத் தவறாமல் கட்டுங்கள். கூட்டத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வாருங்கள். தேவைக்கு மேல் ஆசைப்படாதது நம் குணமாக இருக்கட்டும். தேவைக்குக் குறைந்த கூலியை மட்டும் ஒருபோதும் ஏற்க மாட்டோம்!